செகண்ட் ஓனர்

வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடையின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நீள பெஞ்சு. அதுதான் மூணுகுறையாரின் ராஜாங்கம். இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து, வண்டி விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் விற்பனைச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்கிறது. மின்சார பில்லில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

பட்டப்பெயர் வந்த விதம் இது. விற்பனைச் சீட்டில் விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், இன்ஜின் எண், சேஸிஸ் எண், ஓடிய தூரம் எல்லாம் முடிந்த பிறகு ‘வாகனத்தில் உள்ள குறைகள்’ என்று ஒரு கட்டம் வரும். அந்தத் தெருவில் சீட்டு எழுதும் மற்ற நால்வரும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஏதுமில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். விற்கிறவர், வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்து, மூன்று குறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பேனா மூடி திறக்கும். “குறையே இல்லாத வண்டின்னா எதுக்கு விக்கறீங்க? வச்சு ஓட்டுங்க” என்பார். சில பேர் கோபித்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போகப் பார்ப்பார்கள். வாங்குகிறவர்கள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். இப்படித்தான் அவர் பிழைப்பு ஓடியது.

இன்னொரு பழக்கம், நேரம் எழுதுவது. தேதியோடு நிற்கமாட்டார். சாவி கை மாறுகிற மணியையும் நிமிஷத்தையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார். “இந்த நிமிஷம் வரைக்கும் இது உங்க தலைவலி. அடுத்த நிமிஷத்துலேர்ந்து அவங்க தலைவலி” என்பார். அதையும்விட அதிகமாக அவர் வாயில் புழங்கிய வாக்கியம் ஒன்று உண்டு. அப்பா எனக்குக் கொடுத்த வண்டி, அண்ணன் எனக்கென்று விட்டுவிட்டுப் போன வண்டி, நானும் நண்பனும் சேர்ந்து வாங்கிய வண்டி என்று யார் கதை சொல்ல ஆரம்பித்தாலும் கையை நீட்டி நிறுத்துவார். “புக்குல யார் பேரோ அவங்கதான் ஓனர். மத்ததெல்லாம் பேச்சு.” ஜெராக்ஸ்காரம்மாவை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட இதை ஒப்பிப்பார்.

இத்தனை பேருக்குப் பாடம் எடுத்த மனிதர், தன் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் பதிவுப் புத்தகத்தை ஒருநாளாவது அந்தக் கண்ணோடு புரட்டியிருக்கலாம். புரட்டவில்லை. பத்தொன்பது வருஷம் புரட்டவில்லை.

அந்த வண்டி ஒரு வேன். பதினாலு சீட்டு, ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்து இப்போது இன்ன நிறமென்று சொல்ல முடியாமல் வெளுத்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அந்த வேனை ஓட்டியது அவர் மனைவி. காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை. பிள்ளைகள் அவரை வேனம்மா என்று கூப்பிட்டார்கள். பிறகு டீச்சர்கள் கூப்பிட்டார்கள், மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டார், கடைசியில் பெற்ற மகளே கிண்டலுக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். எந்தப் பிள்ளைக்கு வண்டியில் வாந்தி வரும், எந்தப் பிள்ளை ஷூவைக் கழற்றிவிட்டுத் தேடும், யாரையும் யாரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் உலக யுத்தம் மூளும் என்பதெல்லாம் வேனம்மாவுக்கு அத்துப்படி. மூணுகுறையாருக்கோ வண்டியே ஓட்டத் தெரியாது. ஆயிரக்கணக்கான வண்டிகளைக் கை மாற்றிவிட்ட மனிதர் தினமும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தார்.

வேன் வாங்கிய அன்று மகளுக்குக் காய்ச்சல். நாலு வயசு. வேனம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். ஷோரூமுக்கு மூணுகுறையார்தான் போனார். “யார் பேருக்கு சார்?” என்று கேட்டார்கள். அவர் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான் நடந்தது. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எண்ணமே கிடையாது என்பதுதான் விஷயம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று, அட்டையை எடுத்தது, கொடுத்தது.

இந்த வருஷம் வேனம்மாவின் வலது தோள் மக்கர் பண்ணத் தொடங்கியது. முதலில் தலை வாரும்போது வலித்தது. அப்புறம் ஸ்டியரிங்கை முழு வட்டம் திருப்பும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கனமான வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளி ஆண்டு முடிந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வேனம்மா வீட்டுக்கு வந்தார். அடுத்த திங்கட்கிழமை விற்பனை.

வாங்க வந்தவர் செடிக்காரர். பூச்செடி, மரக்கன்று எல்லாம் வளர்த்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறவர். சீட்டுகளைக் கழற்றிவிட்டால் கன்றுகளை நிறுத்தி வைக்கத் தோதான உயரம் என்று வேனைப் பார்த்ததுமே அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கும் மேல், சிங்கிள் ஓனர் வண்டி. பழைய வண்டி வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை. ஒரே ஆள் வைத்திருந்த வண்டி என்றால் விலை நிற்கும்; செகண்ட் ஓனர், தேர்ட் ஓனர் என்று கை மாற மாற விலை இறங்கும். செடிக்காரர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, விலையும் பேசி முடித்துவிட்டுத்தான் அன்று காலை மாடிப்படிக்குக் கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“சனிக்கிழமை எனக்குக் கன்னு லோடு வருது சார். அதுக்குள்ள வண்டி கைக்கு வந்தாகணும். இல்லன்னா வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அதுக்குப் போகவேண்டியதுதான்.”

“பத்து நிமிஷ வேலை” என்றார் மூணுகுறையார். விற்பவர் என்ற இடத்தில் தன் பெயரை உருண்டையான எழுத்தில் எழுதினார். இன்ஜின் எண் எழுதினார், சேஸிஸ் எண் எழுதினார், ஓடிய தூரத்தை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். குறைக் கட்டத்துக்கு வந்ததும் செடிக்காரர் சப்பணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“ஊர்ல எல்லாரையும் சொல்ல வைப்பீங்களாமே. இன்னைக்கு உங்க முறை. மூணு குறை சொல்லுங்க சார்.”

மூணுகுறையார் வாயைத் திறந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

“இடப்பக்கம் இழுக்கற கதவு நேரா வராது. தூக்கி இழுக்கணும்” என்றார் வேனம்மா. “காலையில முதல் தடவை ஸ்டார்ட் ஆகாது. சாவியப் போட்டு அஞ்சு எண்ணுங்க, அப்புறம் திருப்புங்க. ரெண்டாவது கியர் பிடிவாதக்காரி. அவசரப்படுத்தினா விழாது. கொஞ்சம் விட்டுப் பிடிச்சா தானா விழும். இதுல எதுக்கும் பயப்பட வேணாம். பழகிடும்.”

செடிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். இந்த அம்மா சொல்வதைக் கேட்டாலே பாதி வண்டி ஓட்டிப் பழகிவிடலாம் போலிருந்தது. அவர் முழுச் சம்மதத்தோடு படிவத்தை வேனம்மா பக்கம் திருப்பி, கீழ்க்கோட்டில் விரலை வைத்தார். “ஓனரம்மா, முதல்ல நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க.”

“நான் ஓனர் இல்லைங்க. டிரைவர்” என்றார் வேனம்மா. “ஓனர் அவர்தான்.”

படிவத்தைக் கணவர் பக்கம் நகர்த்தினார். குரலில் குத்தல் இல்லை, வருத்தம் இல்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய வாக்கியம் என்று கேட்கும்போதே தெரிந்தது. அதுதான் மூணுகுறையாரின் நெஞ்சில் போய்த் தைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அவர் பேனாவைப் பிடித்தபடி தன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மேசையில் ஒரு படிவம் கிழிந்ததில்லை. ஜெராக்ஸ்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்ன சார் ஆச்சு?”

“பேரு தப்பாயிடுச்சு.”

“உங்க பேரையா தப்பா எழுதினீங்க?” செடிக்காரருக்குச் சிரிப்பு. “வேற ஃபாரம் எடுத்து எழுதுங்க.”

“அது அப்படி முடியாது. ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில வாங்க, கண்டிப்பா முடிச்சுத் தர்றேன்.”

செடிக்காரரின் சிரிப்பு போய்விட்டது. வெள்ளிக்கிழமை பதினொரு மணி வரை பார்ப்பேன், அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வெளியாட்கள் முன்னால் கணவரை விட்டுக்கொடுத்து வேனம்மாவுக்குப் பழக்கமில்லை. வழி முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு வேனை ஓட்டி வந்து, வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் திறந்தார்.

“வாங்க வந்த மனுஷனை எதுக்குத் திருப்பி அனுப்பினீங்க? வேற எவன் வருவான் இந்தக் கிழட்டு வண்டிக்கு? உங்க பேரை எழுத உங்களுக்குத் தெரியாதா?”

“என் பேரு இருந்ததே தப்பு.”

“என்ன பேசறீங்க?”

மூணுகுறையார் பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஈரம் படாமல் இருக்கக் கையால் துடைத்துவிட்டு, அதைப் பார்த்தே பேசினார். “முதல்ல நான் உனக்கு வித்துடறேன். உன் பேருக்குப் புக்கு வரட்டும். அப்புறம் நீ அவருக்கு வில்லு.”

வேனம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சீட்டு எழுதுகிறவர் வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு இந்த விவகாரமெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “அப்ப வண்டி செகண்ட் ஓனர் ஆயிடும். விலை இறங்கும்.”

“இறங்கும்.”

“தெரிஞ்சேதான் பண்றீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

வேனம்மா கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டார். ஒவ்வொரு துணியாக உதறி மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாத் துணியையும் மடித்து அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு வேனம்மா உட்கார்ந்தார்.

“சரி. குறை சொல்லுங்க.”

“என்னது?”

“விக்கறவர் நீங்கதானே? வாங்கறவ வந்து உக்காந்திருக்கேன். மூணு குறை சொல்லுங்க. சொல்லாம பேனாவைத் தொடக் கூடாது, உங்க சட்டம்தான்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. காலையில் கேட்டதுதானே என்று தெம்பாக ஆரம்பித்தார். “கதவைத் தூக்கி இழுக்கணும். காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பத்து எண்ணணும்...”

“அஞ்சு.”

“அஞ்சு. அப்புறம் நாலாவது கியர்...”

“ரெண்டாவது. நல்லா வித்தீங்க போங்க. இத்தனை பேரு குறையை எழுதறீங்க, காதுல ஒண்ணையும் வாங்கறதில்லையா? ஓடின தூரமாவது தெரியுமா?”

தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து எண்ணைக் குறித்துக்கொண்டார். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சீட்டு வேனம்மாவின் உடம்புக்குத் தகுந்தபடி பள்ளம் விழுந்திருந்தது, அவருக்குப் பொருந்தவில்லை. வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளைகள் யாரோ ஒட்டிய நட்சத்திரங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கோணல் எழுத்தில் ‘வேனம்மா’ என்று எழுதியிருந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம் புத்தகத்தில் மட்டும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

உள்ளே வந்து எண்ணை எழுதிவிட்டுக் கேட்டார். “என்னைக்காவது வருத்தப்பட்டிருக்கியா? புக்கு என் பேர்ல இருக்குன்னு?”

“வருத்தம்னு பெருசா இல்ல.” வேனம்மா மேசையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் சுரண்டினார். “ரோட்டுல போலீஸ் நிறுத்தினா, வண்டி யாருதுன்னு கேப்பாங்க. வீட்டுக்காரருதுன்னு சொல்வேன். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல, ஐயாவை வரச் சொல்லுங்கன்னுவாங்க. அதெல்லாம் பழகிடுச்சு. ஒரே ஒரு தடவை. அந்தக் கதவு கெட்டுப்போன புதுசுல மெக்கானிக்கிட்ட கொண்டுபோய் விட்டேன். சாரைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்கம்மா, அப்புறம் பிரிக்கிறேன்னான்.”

“நீ எங்கிட்ட கேக்கவே இல்லையே.”

“கேக்கப் பிடிக்கல. வீம்புன்னு வச்சுக்கோங்க. வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.”

“அது எப்ப?”

“ஆறு வருஷம் இருக்கும்.”

ஆறு வருஷமாக, பிள்ளைகள் ஏறும்போதும் இறங்கும்போதும், அந்தக் கதவை வலது கையால் தூக்கி இழுத்திருக்கிறார். டாக்டர் அன்றைக்கு, கனமாக எதையாவது அடிக்கடி தூக்குவீர்களா என்று கேட்டதும், இல்லையே என்று இவர்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். இப்போது அந்தத் தோளைப் பார்த்தார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். சொல்லியிருக்கலாம்தான், வேனம்மாவுக்கும் அது தெரியும். “அதான் இப்பச் சொல்லிட்டேனே, எழுதுங்க” என்று படிவத்தைத் தட்டினார்.

அடுத்த கட்டம், உரிமை மாறும் விதம். விற்பனை, அன்பளிப்பு என்று இரண்டு சதுரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றில் டிக் போட வேண்டும். கணவன் மனைவிக்குள் மாற்றுகிறவர்கள் எல்லோரும் அன்பளிப்பில்தான் போடுவார்கள், கட்டணமும் குறைவு. மூணுகுறையார் நெஞ்சு நிறைந்துபோய், கொஞ்சம் பெருந்தன்மையாகவே, பேனாவை அந்தச் சதுரத்துக்குக் கொண்டுபோனார்.

“அதுல போடாதீங்க.”

பேனா நின்றது.

“இனாம்னா எனக்கு வேணாம்” என்றார் வேனம்மா. “நீங்க குடுத்து நான் வாங்கிக்கிட்டதா இருக்க வேணாம். நான் வாங்கினதுன்னு போடுங்க.”

மூணுகுறையாருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, புரிந்ததும் முகம் சூடேறிவிட்டது. வேன் வாங்கிய கடனுக்கு ஐந்து வருஷத் தவணை. ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளிடம் வசூலான பணத்தை உறையில் போட்டு வேனம்மா பிரிட்ஜ் மேலே வைப்பார். பஸ் போகிற வழியில்தான் பேங்க் என்பதால் இவர் எடுத்துக்கொண்டு போய்க் கட்டுவார். ரசீது இவர் பெயருக்கு வரும். அதைப் பத்திரமாக ஃபைலில் குத்தி வைப்பார். இத்தனை நாள் தான் கட்டியதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். உறையைத் தூக்கிக்கொண்டு போனது மட்டும்தான் அவர். அதே வண்டியை இப்போது அன்பளிப்பு என்று கொடுக்கக் கிளம்பியிருந்தார், தாராள மனசோடு.

விற்பனை என்ற சதுரத்தில் டிக் போட்டார். விலை எழுதுகிற இடத்தில், அன்றைய விலை என்னவோ அதை எழுதினார். கூடுதல் கட்டணம் ஆகும் என்று இருவருக்குமே தெரியும். அதற்குக் கீழே எல்லாப் படிவத்திலும் அச்சடித்தே இருக்கும் வாக்கியம்: ‘மேற்படி தொகை முழுவதும் வாங்குபவரிடமிருந்து பெற்றுக்கொண்டேன்.’ ஆயிரம் பேரை அந்த வரியின் கீழே கையெழுத்துப் போட வைத்திருக்கிறார். அன்றைக்குத்தான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தார். பெற்றுக்கொண்டது வாஸ்தவம். என்றைக்கோ பெற்றுக்கொண்டாகிவிட்டது. கையெழுத்துப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு மணி நாற்பது நிமிஷம் என்று எழுதினார்.

“சாவி” என்று கையை நீட்டினார் வேனம்மா.

“உன் பையிலதான இருக்கு.”

“இருந்தாலும் கேக்கணுமில்ல” என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மூணுகுறையார் படிவத்தை அலுவலகத்தில் கொடுத்து, தெரிந்த குமாஸ்தா ஒவ்வொருவரிடமும் போய் நின்று, வியாழக்கிழமை மதியம் புத்தகத்தை வாங்கிவிட்டார். வேனம்மா அதைப் பிரித்து, தன் பெயரைப் பார்த்துவிட்டு, மூடிக் கைப்பையில் வைத்தார். வீட்டுக்குப் போகிற வழியில் வண்டி மெக்கானிக் கடை வாசலில் போய் நின்றது. நாளைக்கு விற்கப்போகிற வண்டிக்கு இன்றைக்குச் செலவு செய்கிறவர்களை மூணுகுறையார் தன் தொழிலில் கண்டதில்லை. ஆனால் இந்த வாரத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கற்றிருந்தார்.

“இடப்பக்கக் கதவு, இப்பவே சரி பண்ணிக் குடுங்க” என்றார் வேனம்மா.

மெக்கானிக் வழக்கம்போல அவரைத் தாண்டி, பின்னால் நின்ற மூணுகுறையாரைப் பார்த்தான். “பண்ணிடலாமா சார்?”

“என்னை எதுக்குய்யா பாக்கற? ஓனரம்மா உன் முன்னாடி நிக்கறாங்க.”

தேய்ந்துபோன ஒரு சின்ன உருளையும் இரண்டு திருகாணியும்தான் மாற்ற வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் முடிந்தது. கதவு ஒற்றை விரலுக்கு ஓடியது. வேனம்மா இடது கை ஆள்காட்டி விரலால் அதைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். மூணுகுறையாருக்கு அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குச் செடிக்காரர் வந்துவிட்டார். மேசைக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் வேனம்மா. நடுவில் மூணுகுறையார் புதுப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். வேனம்மா யாரும் கேட்பதற்கு முன்னால் ஆரம்பித்தார்.

“ஸ்டார்ட் ஆகறதும் ரெண்டாவது கியரும் முன்ன சொன்னதுதான். கதவைச் சரி பண்ணியாச்சு. அதனால மூணாவது குறை வேற. இது இப்ப செகண்ட் ஓனர் வண்டி.” புத்தகத்தை எடுத்து செடிக்காரர் பக்கம் வைத்தார்.

செடிக்காரர் புத்தகத்தைப் பார்த்தார், மூணுகுறையாரைப் பார்த்தார், மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். “என்ன சார் இது? திங்கக்கிழமை சிங்கிள் ஓனர்னு விலை பேசினோம். இப்ப நான் மூணாவது ஆளா? நாளைக்கு நான் விக்கப் போனா எனக்குல்ல அடிபடும்?” தப்பாக நினைக்க வேண்டாம் என்று முன்னுரை போட்டுவிட்டு, விலையில் குறைக்க வேண்டிய தொகையைச் சொன்னார். ஒரு மாதம் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினால் வருகிற அளவு அது.

மூணுகுறையார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இந்த மாதிரிப் பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. “ஒரே வீடு, ஒரே அட்ரஸ், அதே வாசல்ல நின்ன வண்டி. இதைப் போய் ரெண்டு கைன்னு யாராவது...”

அவர் முழங்கை மேல் வேனம்மாவின் கை விழுந்தது. “என் வண்டிங்க. நான் பேசிக்கறேன்” என்றார். பிறகு செடிக்காரரிடம், “நீங்க கேக்கறது நியாயம்தான். குறைச்சுக்கோங்க.”

இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டதே என்று செடிக்காரருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. “எனக்குச் சந்தோஷம்தாம்மா. ஆனா கேக்கறேன்னு நினைக்காதீங்க. நாலு நாள் வச்சுக்கறதுக்கா இவ்வளவு நஷ்டப்படறீங்க?”

“நாலு நாள் இல்லைங்க, பத்தொன்பது வருஷம்” என்றார் வேனம்மா. “எழுதிக் குடுக்கத்தான் ஒரு நல்ல ஆள் கிடைக்கல.”

ஜெராக்ஸ்காரம்மா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். மூணுகுறையாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. செடிக்காரர் அவசரப்படுத்தவில்லை.

பேனா மூடியைத் திறந்தார். முதல் வரி, விற்பவர் பெயர். தெரியாத பெயரா என்ன, கேட்காமலே எழுதலாம். இருபத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் வா, போ, நீ என்றே பேசிப் பழகிய வாய் அது. அவர் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்து, அந்த மேசைக்கு வருகிற எல்லா ஓனர்களிடமும் கேட்பதுபோலக் கேட்டார்.

“விக்கறவங்க பேரு சொல்லுங்கம்மா.”

வேனம்மா நேராக உட்கார்ந்தார். இன்ஷியலோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரைச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.